யார் காதில் விழ இந்தச் சத்தம்?

ஆடிப்பெருக்கு அன்று சிவகாசிக் கடைகளில் பூஜை போட்டு அந்த வருஷ வியாபாரத்தைத் தொடங்கிவிடுவார்கள். புது விலைப்பட்டியல் அச்சாகி வந்துவிடும். அதற்குப் பிறகு தீபாவளி முடிகிறவரை ஊர்க்காரர்களின் கைபேசிக்கு ஓய்வில்லை. சங்குசக்கரம் என்ன விலை, கிஃப்ட் பாக்ஸில் எத்தனை ஐட்டம், லாரி எப்போது கிளம்பும் என்று வாட்ஸ்அப் குழுக்கள் கொதிக்கும். இந்தக் கொதிப்புக்கு நடுவே பல வருஷங்களாக ஒரு செய்தி வந்து போய்க்கொண்டிருந்தது. இந்தியாவை நேரடியாகத் தாக்க முடியாத பாகிஸ்தான் சீனாவிடம் உதவி கேட்டதாம். சீனா தன் பட்டாசுகளில் நச்சு வாயுவை அடைத்து அனுப்புகிறதாம். வெடித்தால் ஆஸ்துமா பரவுமாம். கூடவே வரும் அலங்கார விளக்குகள் கண்ணைக் குருடாக்குமாம். கீழே, உள்துறை அமைச்சகத்தின் மூத்த விசாரணை அதிகாரி என்று ஒரு பெயர். இது முழுப்பொய் என்று மத்திய அரசின் பத்திரிகைத் தகவல் அலுவலகம் மறுத்தது. மறுப்பு வாசலோடு நின்றது, பொய் அடுப்படி வரை போனது.

சாத்தூர் சாலையில் ஒரு கடை. வெளியூர்க் காரிலிருந்து இறங்கிய இளைஞர் பட்டியலை நீட்டிவிட்டுக் குரலைத் தாழ்த்திக் கேட்கிறார்: "அண்ணாச்சி, சைனா வெடி எதுவும் கலந்துராதுல்ல? பிள்ளைங்க வெடிக்கிறது."

"நம்ம கடையில சைனாவா? அது உள்ள வந்தா மொதல்ல எங்களுக்குல்ல தம்பி வேட்டு வைக்கும்!" என்று சிரித்துவிட்டு அண்ணாச்சி பெட்டியைக் கட்டச் சொல்கிறார். அவர் தலைக்கு மேலே சட்டம் போட்டு மாட்டிய வெடிபொருள் உரிமம் தொங்குகிறது. அதில் வாண வெடிகள் இத்தனை கிலோ, 'சைனீஸ் கிராக்கர்' அல்லது கம்பி மத்தாப்பு இத்தனை கிலோ என்று அளவு போட்டிருக்கும். சின்னச் சரவெடிக்கு இந்திய வெடிபொருள் விதிகளில் இன்னும் அதுதான் பெயர். இளைஞர் அதை நிமிர்ந்து பார்க்கவில்லை. பார்த்திருந்தால் அண்ணாச்சிக்கு அரை மணி நேர விளக்கம் மிச்சமாயிருக்காது.

சட்டப்படி பார்த்தால் அந்த இளைஞர் பயப்பட வேண்டிய சரக்கு இந்தியச் சந்தையில் இருக்கவே கூடாது. கந்தகத்தோடு குளோரேட்டைக் கலந்து வெடி செய்வதை 1992 ஜனவரியிலேயே தடை செய்துவிட்டார்கள். அந்தக் கலவை உரசலுக்கும் சூட்டுக்கும் சட்டென்று பற்றிக்கொள்ளும் என்பதுதான் காரணம். சீனப் பட்டாசு மலிவாகக் கிடைப்பதும் இந்தக் குளோரேட்டால்தான். வெளிநாட்டுப் பட்டாசை இறக்குமதி செய்ய உரிமம் வேண்டும், அந்த உரிமம் யாருக்கும் கொடுக்கப்படவில்லை. வந்ததெல்லாம் கள்ளச் சரக்கு. 2025 தீபாவளிக்கு முன் தூத்துக்குடித் துறைமுகத்தில் வருவாய்ப் புலனாய்வுத் துறை 40 அடி கன்டெய்னர் இரண்டைத் திறந்தபோது, வேறு பொருள் என்று பொய்க் கணக்கு எழுதிய பெட்டிகளுக்குப் பின்னால் சுமார் 5 கோடி ரூபாய்ப் பட்டாசு இருந்தது. அதை வரவழைத்ததாகக் கைதானவர்கள் நம் நாட்டுக்காரர்கள். சரக்கை அனுப்புகிறவன் அங்கே இருந்தால் கேட்டு வாங்குகிறவன் இங்கே இருக்கிறான். வாட்ஸ்அப் செய்தியில் இந்த இரண்டாவது ஆளுக்கு இடமே கிடையாது.

அப்படியானால் 'சீனப் பட்டாசைப் புறக்கணிப்போம்' என்ற அந்தப் பெரிய கூச்சல் யாருக்காக? சீனாவில் யாரும் நம் வாட்ஸ்அப்பைப் படிப்பதில்லை. வாங்கக்கூடாது என்று சட்டமே சொல்லும் பொருளை வாங்கமாட்டோம் என்று சபதம் செய்வதில் தியாகமும் இல்லை. ஆனால் சபதம் செய்தவருக்கு ஒரு நிறைவு கிடைக்கிறது. 2016 செப்டம்பரில் காஷ்மீரின் உரியில் ராணுவ முகாம் தாக்கப்பட்டது. பாகிஸ்தான் மேல் எழுந்த கோபம் அதன் நட்பு நாடான சீனா மேலும் திரும்பி, அந்தத் தீபாவளிக்கு இந்தக் கூச்சல் உச்சத்துக்குப் போனது. எல்லையில் ஒன்றும் செய்ய முடியாத சாதாரண மனிதர் கடைவீதியில் ஒன்று செய்துவிட்டதாக நினைத்துக்கொண்டார். அதைக் கேலி செய்ய எனக்கு மனம் வரவில்லை. அந்த மனநிலையை அரசுகள் பயன்படுத்திக்கொள்ளும்போதுதான் யோசிக்க வேண்டியிருக்கிறது.

2015 மே மாதம் சீனப் பயணத்துக்கு முன்னால் பிரதமர் மோடி அந்நாட்டின் வெய்போ தளத்தில் கணக்குத் தொடங்கினார். முதல் வணக்கத்தைச் சீன மொழியிலேயே சொன்னார். 2020 ஜூன் 15 அன்று கல்வான் எல்லையில் சீன ராணுவத்தோடு நடந்த மோதலில் நம் வீரர்கள் 20 பேர் உயிரிழந்தார்கள். ஜூன் 29 அன்று டிக்டாக் உட்பட 59 செயலிகளுக்குத் தடை. ஓரிரு நாளில் வெய்போ கணக்கிலிருந்த பதிவுகள் ஒவ்வொன்றாக அழிக்கப்பட்டன. இருந்தவை 115. அவற்றில் 113 உடனே போயின. சீன அதிபரோடு எடுத்துக்கொண்ட படங்கள் இருந்த இரண்டு பதிவுகளை அழிப்பதுதான் சிரமமாக இருந்தது என்று அப்போது செய்தி வந்தது. செயலிகள் போனதில் டிக்டாக்கில் ஆடிப்பாடிக்கொண்டிருந்த நம்மூர்ப் பிள்ளைகள் சில நாள் தவித்தார்கள். அதே 2020ஆம் ஆண்டின் கணக்கை வர்த்தக அமைச்சகம் கூட்டிப் பார்த்தபோது, இந்தியாவின் மிகப்பெரிய வர்த்தகக் கூட்டாளியாக மறுபடியும் சீனாவே வந்து நின்றது, 7,770 கோடி டாலரோடு.

அந்த எல்லை மோதல் தணிந்த விதம் இதற்கு நேர் எதிர். இரு தரப்பு ராணுவத் தளபதிகளும் சுஷுலிலும் மோல்டோவிலும் உட்கார்ந்து 21 சுற்றுப் பேசினார்கள். நான்கு வருஷம் இழுத்தது. சுற்று முடிந்து வரும் அறிக்கை தூக்கம் வரவழைக்கும். பகிர அதில் ஒன்றும் இருக்காது. 2024 அக்டோபர் 21 அன்று ரோந்து குறித்த உடன்பாட்டை அறிவித்தார்கள். இரண்டு நாள் கழித்து கசானில் தலைவர்கள் இருவரும் சந்தித்தார்கள். அந்த 21 சுற்றுகளில் எதையாவது ஹேஷ்டேகாகக் கொண்டாடியவர்கள் உண்டா? பேச்சு வெளியே தெரியாததால்தான் அவர்களால் பேச முடிந்தது. இன்று சொன்னதை நாளை மாற்றிக்கொள்ளவும், கொஞ்சம் விட்டுக்கொடுக்கவும், விட்டுக்கொடுத்ததாகக் காட்டிக்கொள்ளாமல் இருக்கவும் அந்த மூடிய அறை இடம் தந்தது.

இந்தப் பக்கத்தில் நமக்கு இன்னும் நெருக்கமான உதாரணம் மாலத்தீவு. தூத்துக்குடிப் பழைய துறைமுகத்திலிருந்து தோணிகளில் காய்கறி, வெங்காயம், ஜல்லி எல்லாம் ஏற்றிக்கொண்டு மாலேவுக்குப் போவது தலைமுறைத் தொழில். நாமக்கல் முட்டைக்கும் அந்தத் தீவுகள் பழைய வாடிக்கை. 'இந்தியாவே வெளியேறு' என்ற ஹேஷ்டேகில் சில வருஷங்களாக அங்கே கோபம் திரண்டது. அந்த அலையில் 2023 செப்டம்பரில் முகமது முய்ஸு அதிபர் தேர்தலை வென்றார். 2024 ஜனவரி 4 அன்று மோடி லட்சத்தீவுக் கடற்கரைப் படங்களை எக்ஸ் தளத்தில் போட்டார். பதிவில் மாலத்தீவின் பெயரே இல்லை. ஆனாலும் அங்கிருந்து மூன்று துணை அமைச்சர்கள், அரசுப் பதவியில் இருப்பதை மறந்து, மோடியைத் தெருச் சண்டை மொழியில் வைது எழுதினார்கள். ஜனவரி 7 அன்று மூவரையும் அரசு இடைநீக்கம் செய்தது. அதற்குள் இங்கே மாலத்தீவைப் புறக்கணிப்போம் என்று கூச்சல் கிளம்பிவிட்டது. ஒரு பயண நிறுவனம் விமானப் பதிவையே நிறுத்தியது. நடிகர்களும் கிரிக்கெட் வீரர்களும் லட்சத்தீவுப் படங்களைப் பகிர்ந்தார்கள்.

இதன் விலையை யார் கொடுத்தார்கள்? 2023இல் மாலத்தீவுக்குப் போன இந்தியப் பயணிகள் 2 லட்சத்து 9 ஆயிரம் பேர், எல்லா நாட்டாரையும் விட அதிகம். 2024இல் அது சுமார் 1 லட்சத்து 30 ஆயிரமாகச் சரிந்தது. எழுதிய மூவரும் அந்த இழப்பில் பங்கு கொடுத்திருக்க வாய்ப்பில்லை. சின்னத் தீவில் கடன் வாங்கி நாலு அறை கட்டி விருந்தினர் இல்லம் நடத்துகிறவரும், படகு ஓட்டுகிறவரும், அங்கே சமையல் வேலைக்குப் போயிருக்கும் நம்மவர்களும்தான் காலியான அறைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

இந்தச் சத்தத்தின் நடுவே 2024 ஏப்ரலில் இந்தியாவின் வெளிநாட்டு வர்த்தக இயக்ககம் ஓர் அறிவிப்பு வெளியிட்டது. 1981 உடன்பாட்டின்படி மாலத்தீவுக்கு வருஷாவருஷம் அனுப்பும் அத்தியாவசியப் பொருள்களின் அளவு அது. முட்டை 42 கோடியே 75 லட்சம். உருளைக்கிழங்கு 21 ஆயிரம் டன்னுக்கு மேல், வெங்காயம் 35 ஆயிரம் டன்னுக்கு மேல். அரிசி 1 லட்சத்து 24 ஆயிரம் டன். ஆற்று மணலும் ஜல்லியும் பத்துப் பத்து லட்சம் டன். அந்த உடன்பாடு தொடங்கிய நாளிலிருந்து இதுதான் அதிகமான அளவு. இரு நாடுகளின் உறவு கசந்திருந்த மாதங்களில், மாலத்தீவிலிருந்த இந்திய ராணுவத்தினர் மே 10க்குள் வெளியேற வேண்டும் என்று கெடு ஓடிக்கொண்டிருந்தபோது, முட்டைக் கணக்கு ஏறியிருக்கிறது. அதே வருஷம் அக்டோபரில் முய்ஸு டெல்லி வந்து 40 கோடி டாலருக்கு நாணயப் பரிமாற்ற ஏற்பாட்டோடு திரும்பினார், போகிற வழியில் தாஜ்மஹாலையும் பார்த்தார். 2025 ஜூலையில் மாலத்தீவின் அறுபதாவது சுதந்திர நாளுக்கு மோடிதான் சிறப்பு விருந்தினர்.

ஆக, ஒன்றரை வருஷத்தில் எல்லாரும் பழைய இடத்துக்கே வந்துவிட்டார்கள். வராமல் எங்கே போவார்கள்? பிடிக்கவில்லை என்று குடிமாறிப் போக நாடுகளுக்கு வழியில்லை.

கச்சத்தீவு விஷயத்தில் இந்த அளவுக்குக்கூட மென்மை இல்லை. 2024 மார்ச் 31 அன்று, 1974இல் காங்கிரஸ் அரசு கச்சத்தீவை இலங்கைக்கு எப்படிக் கொடுத்தது என்ற பத்திரிகைச் செய்தியை இணைத்துப் பிரதமர் எக்ஸ் தளத்தில் எழுதினார். மறுநாள் வெளியுறவு அமைச்சர் செய்தியாளர்களைச் சந்தித்தார். தி.மு.க. பதிலுக்குக் கிளம்பியது. தமிழ்நாட்டில் வாக்குப்பதிவு ஏப்ரல் 19. பதிவு யாரைப் பார்த்து எழுதப்பட்டது என்று யாரும் அகராதி தேட வேண்டியதில்லை. ஆனால் அதன் பேசுபொருள் இன்னொரு நாட்டின் வசம் இருக்கும் நிலம். கொழும்பில் அப்போது வெளியுறவு அமைச்சராக இருந்த அலி சப்ரி, அது 50 வருஷத்துக்கு முன்பே முடிந்த விஷயம் என்று சொல்லி முடித்துக்கொண்டார். அடுத்த வருஷம் இங்கே மதுரையில் தன் கட்சி மாநாட்டில் நடிகர் விஜய் கச்சத்தீவைக் கேட்டார். சில நாளில், 2025 செப்டம்பர் 1 அன்று, இலங்கை அதிபர் அனுர குமார திசாநாயக்க அந்தத் தீவில் போய் இறங்கினார். அவருக்கும் ஒரு உள்ளூர்க் கூட்டம் உண்டல்லவா?

குழாயடியில் இரண்டு வீட்டுக்காரர்கள் சண்டை போடும்போது எதிரே நிற்கிறவருக்குக் கேட்க அவ்வளவு சத்தம் தேவைப்படாது. தெருவுக்குக் கேட்கத்தான் அந்தக் குரல். இரண்டு பேரும் பேசுவது போலத் தோன்றும், உண்மையில் இருவரும் தத்தம் ஆட்களிடம் முறையிட்டுக்கொண்டிருக்கிறார்கள். தெரு வேடிக்கை பார்க்கிறது என்று தெரிந்த பிறகு யார் முதலில் குடத்தை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போவது? அங்கேதான் சிக்கல். சமூக ஊடகத்தில் பேசும் அரசுகளுக்கும் இதே கதிதான். சொந்தக் கூட்டத்தின் கைத்தட்டலை வாங்கிவிட்ட தலைவர், அந்தக் கூட்டத்துக்கே கைதியாகிவிடுகிறார். பின்வாங்க வேண்டிய நேரத்தில் ஒரு வருஷம் காத்திருந்து, சத்தம் மறந்த பிறகு மெல்ல நகர வேண்டியிருக்கிறது. அந்த ஒரு வருஷத்தில் பாக் நீரிணையில் இலங்கைக் கடற்படையிடம் படகோடு பிடிபட்ட மீனவனுக்கு நாள் எண்ணிக்கை வேறு மாதிரி ஓடுகிறது. ராமேஸ்வரத்து விசைப்படகுக்காரர், யாழ்ப்பாணத்துச் சிறு வலைக்காரர் இருவருக்கும் நடுவில் இருப்பது தீவு யாருக்கு என்பதல்ல. இழுவை மடி கடலடியைச் சுரண்டிப் போட்ட பிறகு மிஞ்சிய மீன் யாருக்கு என்பதுதான். அதைப் பற்றி ஒரு பதிவு போட்டால் இரண்டு பக்கமும் ஓட்டு போய்விடும். ஆகவே அது பதிவாவதில்லை.

சிவகாசி வட்டாரத்திலேயே இதற்கு மாறான ஒரு கதையும் உண்டு. பத்து ரூபாய்ச் சீன பிளாஸ்டிக் லைட்டர் சந்தைக்கு வந்து தீப்பெட்டியை அடித்தது. சாத்தூரிலும் கோவில்பட்டியிலும் சிவகாசியிலும் தீப்பெட்டி ஒட்டிப் பிழைப்பவர்களுக்கு இது வாட்ஸ்அப் வதந்தி அல்ல, கூலி. 14 வருஷம் ஒரு ரூபாயாகவே இருந்த தீப்பெட்டி 2021 டிசம்பரில்தான் இரண்டு ரூபாய் ஆகியிருந்தது. ஒரு லைட்டர் 20 தீப்பெட்டிக்குச் சமம் என்று கணக்குக் காட்டி 2022இல் முதலமைச்சர் ஸ்டாலின் மத்திய அரசுக்குக் கடிதம் எழுதினார். உற்பத்தியாளர் சங்கங்கள் வருஷக்கணக்கில் மனுவோடு டெல்லிக்கு நடந்தன. 2023 ஜூன் 29 அன்று, 20 ரூபாய்க்குக் குறைந்த லைட்டர் இறக்குமதிக்குத் தடை வந்தது. பாகங்களாகக் கொண்டுவந்து இங்கே பூட்டி விற்றார்கள். 2024 அக்டோபரில் அதற்கும் கட்டுப்பாடு வந்தது. இதில் சீனாவை வைது யாரும் பாட்டுப் பாடவில்லை. குறை என்ன, எவ்வளவு, எந்த விலையில் நிற்க வேண்டும் என்று எண்ணாகச் சொன்னார்கள். எண்ணாகச் சொன்னால் அதிகாரிக்கும் பிடி கிடைக்கிறது, நாளைக்கே எதிர்த்தரப்பு வந்தாலும் மேசையில் வைத்துப் பேச முடிகிறது. வெறுப்பை எந்த மேசையில் வைப்பது?

வெறுப்புக்கு இன்னொரு குணம் உண்டு, சிவகாசி அதைத் தன் மேலேயே பார்த்தது. பட்டாசுப் புகையால் ஆஸ்துமா வரும் என்று சொல்லித்தானே சீனச் சரக்கை விரட்டினார்கள்? அந்தப் பயம் மனதில் தங்கியவர் அடுத்த வருஷம் பெட்டியைத் திருப்பி, இது சிவகாசியா சீனாவின் லியுயாங்கா என்று பார்த்துக்கொண்டிருக்க மாட்டார். அந்தப் பொய்ச் செய்தியால்தான் பட்டாசுக்குத் தடை வந்தது என்று நான் சொல்லவில்லை. டெல்லியில் மூன்று பச்சைக் குழந்தைகளின் பெயரில் 2015இல் போட்ட வழக்கு அது. காற்று உண்மையிலேயே கெட்டிருந்தது. 2018 அக்டோபர் 23 அன்று உச்ச நீதிமன்றம் பேரியம் உப்புக்கும் சரவெடிக்கும் தடை விதித்தது, பசுமைப் பட்டாசு மட்டும் போதும் என்றது. அதன் பிறகு ஆலைகள் மாதக்கணக்கில் பூட்டிக் கிடந்தன. அந்த மாதங்களில் சிவகாசிக்காக வடக்கே பேச ஆள் குறைவு. வடநாட்டுக் கைபேசிகளில் பட்டாசு என்றாலே ஏற்கெனவே நஞ்சு. பக்கத்து நாட்டின் பெயரில் வளர்த்துவிட்ட பயம் ஊர் பேர் கேட்காமல் நம் வாசலுக்கும் வந்தது.

ஹுனான் மாகாணத்தின் லியுயாங் சீனாவின் சிவகாசி. அங்கே தலைமுறை தலைமுறையாக இதே தொழில், இதே கரிமருந்து, விரலிடுக்கில் இதே அலுமினியப் பொடி. 2012 செப்டம்பர் 5 அன்று சிவகாசி அருகே முதலிப்பட்டியில் ஆலை வெடித்துச் சுமார் 40 பேர் இறந்தார்கள். 2019 டிசம்பர் 4 அன்று லியுயாங்கில் ஓர் ஆலை வெடித்தது. இறந்தவர்கள் 7 பேர் என்று முதலில் கணக்குச் சொன்னார்கள், மறைத்தது வெளிவந்தபோது 13. சாவை மறைக்கும் பழக்கத்திலும் இரண்டு ஊரும் அவ்வளவு தூரமில்லை. வெடிமருந்து அறையில் உட்கார்ந்திருக்கும் திருத்தங்கல்காரிக்கு இந்த உலகத்திலேயே தன் வேலையை முழுக்கப் புரிந்துகொள்ளக்கூடிய ஆள் லியுயாங்கில்தான் இருக்கிறாள். சமூக ஊடகம் கோடிக்கணக்கானவர்களை இணைத்துவிட்டதாகப் பெருமை பேசும் காலத்தில் இந்த இரண்டு பேருக்கும் அறிமுகம் கிடையாது. இருவருக்கும் காட்டப்பட்டதெல்லாம் ஒரு நாட்டின் முகம் மட்டும். சிவகாசியில் உச்சிவெயிலுக்கு முன்பே மருந்து கலப்பதை நிறுத்திவிட வேண்டும் என்பது பால பாடம். அங்கே எத்தனை மணிக்கு நிறுத்துகிறார்கள், எந்த வேலையை இயந்திரத்துக்கு விட்டார்கள், விட்டபிறகு கூலி என்னவானது? இந்தக் கேள்விகளைக் கேட்க நமக்கு வாய் இருக்கிறது, கேட்கும் வழக்கம்தான் போய்விட்டது.

முன்பு இருந்தது. 1920களின் தொடக்கத்தில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் வறண்ட ஊரை விட்டுக் கல்கத்தாவுக்கு ரயிலேறித் தீப்பெட்டி செய்யக் கற்றுவந்தார்கள். அந்தத் தொழிலைக் கல்கத்தாவில் ஊன்றியவர்களில் கடல் கடந்து வந்து குடியிருந்த ஜப்பானியர்களும் உண்டு. அந்நியன் கைப்பழக்கம் தமிழ்நாட்டுக் கரிசலுக்கு வந்து வேர் பிடித்தது. குட்டி ஜப்பான் என்று நேரு சொன்னதாகச் சொல்லி இன்றும் ஊர் மகிழ்கிறது. வேற்று நாட்டின் பெயரை மெடலாகக் குத்திக்கொண்ட ஊர் இது.

2020இல் நின்றுபோன இந்திய-சீன நேரடி விமானம் 2025 அக்டோபர் 26 அன்று மறுபடி கிளம்பியது. அதே கல்கத்தாவிலிருந்து, குவாங்சோவுக்கு. அங்கிருந்து ஹுனானுக்கு அதிவேக ரயில் இருக்கிறது. சிவகாசி ஆலைக்காரர் ஒருவர் நினைத்தால் லியுயாங்கை ஒரு எட்டுப் பார்த்துவிட்டு வரலாம். போய்வந்த படத்தைத் தன் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வைக்க மட்டும் இரண்டு முறை யோசிப்பார்.